மூன்றாவது ஆள் வந்த பிறகு

2024-இல் அந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தாலும் வந்தது, இயற்பியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட ‘மூன்று பொருள் சிக்கல்’ பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் ஒரு பார்வர்டு வந்து சேர்ந்தது. முந்நூறு ஆண்டுகளாக எவராலும் தீர்க்க முடியாத கணக்கு, தீர்க்கவே முடியாது என்று நிரூபித்தும் விட்டார்கள், இத்யாதி இத்யாதி. பார்வர்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரியில் நாம் படித்ததும் ஏறக்குறைய இதே வரிதான்: ஈர்ப்பு விசையால் இயங்கும் பொருள்கள் இரண்டு என்றால் அவற்றின் இயக்கத்தைத் தீர்த்துவிடலாம், மூன்று என்றால் முடியாது.

இந்த வரியின் இரண்டு பாதிகள் மீதும் எனக்குப் புகார் உண்டு. முதல் பாதி ஒரு சங்கதியை மறைக்கிறது. இரண்டாம் பாதி சுத்தத் தப்பு. 1912-லேயே ஒருவர் தீர்த்துவிட்டார். அப்படித் தீர்த்தும் ஏன் ஒருவரும் அதைத் தொடுவதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் இரண்டு பேர். சூரியன், பூமி என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் இடத்தைச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் மூன்று எண், போகும் வேகத்தைச் சொல்ல மூன்று எண், ஆக மொத்தம் 12. இந்தப் பன்னிரண்டும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்றைய 12 எண்களைக் கொடுத்தால், நீங்கள் கேட்கும் தேதிக்கான 12 எண்களைச் சொல்ல வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

மாறுவதைப் பிடிக்க வேண்டுமானால் மாறாததைத் தேட வேண்டும். வெளியிலிருந்து யாரும் தள்ளாததால் இரண்டுக்கும் பொதுவான நிறை மையம் நேர்கோட்டில் சீராகப் போகிறது. அதிலேயே 6 எண்கள் அடங்கிவிடும். கோண உந்தம் மாறாது, அதில் 3. மொத்த ஆற்றல் மாறாது, அதில் 1. இந்தப் பத்தும் பொருள்கள் எத்தனை இருந்தாலும் செல்லுபடியாகும். ஆனால் பொருள் இரண்டுதான், விசையும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம்தான் என்ற சேர்க்கையில் மட்டும் இயற்கை பதினோராவதாக ஒன்றை இனாமாகத் தருகிறது. நீள்வட்டத்தின் நீண்ட அச்சு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையைத்தான் என்றைக்கும் பார்க்கும். விசை இருமடிக்குப் பதில் சற்றே வேறு மாதிரி இருந்தால் அந்த அச்சு மெல்லத் திரும்ப ஆரம்பித்துவிடும்.

1684-இல் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்குப் போய் நியூட்டனிடம் கேட்டது இதைத்தான்: விசை இப்படி இருந்தால் கோளின் பாதை எந்த வடிவம்? நீள்வட்டம் என்றார் நியூட்டன், ஏற்கனவே போட்டுப் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னார். அந்தத் தாளைத் தேடினால் கிடைக்கவில்லை. பிறகு எழுதி அனுப்பியது வளர்ந்து வளர்ந்து 1687-இல் பிரின்கிப்பியாவாக அச்சேறியது.

ஆக, 12-இல் 11 கைக்கு வந்தாயிற்று. பாதையின் வடிவம் தெரியும், அளவு தெரியும், எந்தத் தளத்தில் கிடக்கிறது என்பதும் தெரியும். பாக்கி ஒன்றே ஒன்று: அந்தப் பாதையில் கோள் இப்போது எங்கே? பாடப்புத்தகங்கள் நைசாக நழுவும் இடம் இதுதான். இதற்கான சமன்பாட்டை நியூட்டனுக்கு முன்பே, 1609-இல், கெப்ளர் எழுதிவிட்டார். ஒரு கோணத்திலிருந்து, அதன் சைனை மையத்தொலைத் தகவால் (நீள்வட்டம் வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதன் அளவு) பெருக்கிக் கழித்தால், கடந்த நேரம் வரும். கோணத்தைக் கொடுத்து நேரத்தைக் கேட்டால் உடனே விடை. நமக்கு வேண்டியதோ நேர் எதிர்: நேரம் தெரியும், கோணம் வேண்டும். கோணம் ஒரு முறை தனியாகவும் இன்னொரு முறை சைனுக்குள்ளும் உட்கார்ந்திருப்பதால் அதைப் பிரித்து வெளியே எடுக்கும் வழி இல்லை. கெப்ளரே கைவிரித்துவிட்டு, முடிந்தவர்கள் செய்யுங்கள் என்று வடிவியல்காரர்களைக் கூப்பிட்டார். எண்ணி முடிக்கக்கூடிய படிகளில் அடங்கும் இயற்கணித விடை அதற்கு இன்றுவரை கிடையாது.

அப்படியானால் எப்படிப் போடுகிறார்கள்? திரும்பத் திரும்பத்தான். புதன் கோளைப் போல மையத்தொலைத் தகவு 0.2 என்று வையுங்கள், நேரத்துக்கான எண் 1 ரேடியன். முதல் ஊகமாகக் கோணமும் 1 என்று கொண்டு, அதன் சைனை 0.2-ஆல் பெருக்கி 1-உடன் கூட்டினால் 1.168. அதை மறுபடி உள்ளே போட்டால் 1.184. மறுபடி போட்டால் 1.185. அதற்குமேல் மூன்றாம் தசம இடம் அசையாது. எந்த கால்குலேட்டரிலும் போட்டுப் பாருங்கள், ரேடியனில் வைக்க மட்டும் மறக்காதீர்கள். ஹாலி வால்நட்சத்திரம் மாதிரித் தகவு 0.967 என்றால் இந்த வழி நொண்டும். அதற்கு நியூட்டனே வேறு வேகமான வழி வைத்திருந்தார். எப்படியானாலும் ‘தீர்ந்த கணக்கு’ என்று நாம் கொண்டாடும் இரண்டு பொருள் கணக்கின் கடைசி எண் ஊகித்துத் திருத்தி, ஊகித்துத் திருத்தித்தான் வருகிறது. வேண்டிய துல்லியம் நாலைந்து சுற்றில் கிடைத்துவிடுவதால் யாரும் புகார் சொல்வதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அக்கா மகன். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். சூத்திரத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கணினியிலேயே பூமியைச் சுற்றவிடுகிறேன் என்று பைத்தானில் எழுதிவிட்டு ஒரு நாள் போன் செய்தான்.

“மாமா, பூமி சூரியனை விட்டு விலகிப் போய்க்கிட்டே இருக்கு.”

“படி எவ்வளவு வச்சே?”

“ஒரு நாள். ஒரு மணி நேரமாக் குறைச்சும் பார்த்துட்டேன். கொஞ்சம் மெதுவாப் போகுது, ஆனா போகுது.”

அவன் எழுதியிருந்தது எல்லோரும் முதலில் எழுதுவதுதான். இப்போதைய வேகத்தை வைத்து இடத்தை நகர்த்து, இப்போதைய விசையை வைத்து வேகத்தை மாற்று, திரும்பச் செய். ஆய்லர் முறை என்று பெயர். ஒவ்வொரு படியிலும் பூமி தொடுகோட்டு வழியே நகர்கிறது. தொடுகோடு எப்போதும் வளைவுக்கு வெளியேதான் இருக்கும். ஆகவே படிக்குப் படி கொஞ்சம் வெளியே, கொஞ்சம் கூடுதல் ஆற்றல். படியைச் சிறிதாக்கினால் கசிவு குறையும், நிற்காது.

“வேகத்தை முதல்ல மாத்து. மாத்தின புது வேகத்தை வச்சு இடத்தை நகர்த்து. ரெண்டு வரியை மேலே கீழே மாத்திப் போடு, போதும்.”

“அவ்ளோதானா? அதுக்கே சரியாயிடுமா?”

ஆகிவிட்டது. இப்போது ஆற்றல் ஒரு மதிப்பைச் சுற்றி லேசாக ஏறி இறங்குமே தவிர ஒரே பக்கமாக ஓடாது. கோண உந்தமோ துளியும் மாறாது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பிரின்கிப்பியா முதல் புத்தகத்தின் முதல் தேற்றத்தின் படத்திலேயே இந்தத் திருத்திய முறை இருக்கிறது. சம கால இடைவெளிகளில் மையத்தை நோக்கி ஒரு தட்டு, இடையில் நேர்கோட்டு ஓட்டம், மறுபடி தட்டு. அடுத்தடுத்த முக்கோணங்கள் எல்லாம் சம பரப்பு என்று காட்டித்தான் நியூட்டன் கெப்ளரின் இரண்டாம் விதியை நிறுவுகிறார். இன்று கோள்களைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓட்டிப் பார்ப்பவர்கள் கையாளும் முறைகள் பலவும் அந்தப் படத்தின் பங்காளிகள்தான்.

சரி, மூன்றாவது ஆள் வரட்டும்.

முதலில் வந்தது நிலா. சூரியன், பூமி, நிலா. பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: நிலாவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இரண்டு மடங்குக்குமேல் பலமாக இழுக்கிறது. ஆனாலும் நிலா நம்மை விட்டுப் போகாததற்குக் காரணம், பூமியும் நிலாவும் சேர்ந்தே சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருப்பதுதான். இரண்டின் மீதும் சூரியனின் இழுப்பில் இருக்கும் சின்ன வித்தியாசம் மட்டும் நிலாவின் பாதையைக் கலைக்கிறது. கலைப்பு என்றால், அந்தப் பதினோராவது இனாம் பறிபோகிறது. நிலாவின் நீள்வட்ட அச்சு நிற்பதில்லை, மாதத்துக்கு 3 பாகை வீதம் திரும்புகிறது. ஒன்பது ஆண்டுக்குள் ஒரு முழுச் சுற்று.

நியூட்டன் இதைக் கணக்கிட்டார். வந்தது ஒன்றரைப் பாகை. பாதிதான். நிலாக் கணக்கைப்போல வேறெதுவும் தனக்குத் தலைவலி தந்ததில்லை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அறுபது ஆண்டு கழித்துப் பாரிஸில் கிளெரோ, தாலம்பேர், பெர்லினில் ஆய்லர் என மூன்று பேர் தனித்தனியாகப் போட்டார்கள். மூவருக்கும் அதே பாதி. 1747-இல் கிளெரோ பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் எழுந்து நின்று, நியூட்டன் விதியே தப்பு, தொலைவின் நான்மடிக்கு எதிர்விகிதமாக இன்னொரு உறுப்பையும் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தார். எதிர்த்தவர் இயற்கையியலாளர் பூஃபோன். விதி என்றால் எளிமையாக இருக்க வேண்டும், இப்படி ஒட்டுப் போடக் கூடாது என்றார். அவர் வாதம் கணிதமே அல்ல, ரசனை. வென்றதென்னவோ அதுதான்! 1749-இல் கிளெரோ தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். எல்லோரும் தோராயத்தின் முதல் படியோடு நிறுத்தியிருந்தார்கள். சிறியது என்று ஒதுக்கிய அடுத்த படி உறுப்புகளையும் சேர்த்தபோது மீதிப் பாதி வந்து விழுந்தது. விதியில் பிழை இல்லை.

இந்த இடத்தில் நம்மூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. தமிழகத்தின் வாக்கியப் பஞ்சாங்கத்தில் நிலாவுக்கு 248 வாக்கியங்கள் உண்டு, நாளுக்கு ஒன்று. வரருசி இயற்றியது என்பது மரபு. எழுத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் ஒவ்வொரு வாக்கியமும் நிலா நகர்ந்த பாகையையும் கலையையும் சொல்லும். அதென்ன 248? நிலா பூமிக்கு அருகில் வந்து மறுபடி அருகில் வரும் காலம் சுமார் 27.55 நாள், அதுபோல ஒன்பது முறை ஆனால் 248 நாளுக்கு ஒரு கால் மணி நேரம்கூடக் குறையாது. அந்த 248 நாளில் நிலா ராசிச் சக்கரத்தில் முழுச் சுற்றுகள் போக 27¾ பாகை அளவுக்கு முன்னேறியிருக்கும். கிளெரோவுக்கு வராமல் அடம்பிடித்த அச்சுத் திருப்பம், எண்ணாக, மனப்பாடமாக, இங்கே இருந்திருக்கிறது.

1825-இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலிதா’ என்ற நூலில் ஜான் வாரன் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட அட்டவணைகளைக் கொண்டு அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைப் போட்டுக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம்; முடியும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அவருக்கு அதன் பின்னாலிருந்த கோட்பாடு தெரியாது என்றும் வாரன் குறிக்கிறார். பின்னாளில் ஓட்டோ நொய்கெபவர் என்ற அறிவியல் வரலாற்று அறிஞர் இதைப் படித்து வியந்து, 1952-இல் தமிழ் வானியல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

‘எல்லாம் நம்ம முன்னோருக்கே தெரியும்’ கோஷ்டிக்காக இதைச் சொல்லவில்லை. சோழிக்காரருக்கு ஈர்ப்பு விதி தெரியாது. நிலா இன்ன தேதிக்கு எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி என்றால், விதி தெரியாமலே போதுமான பதில் சொல்லலாம், விதி தெரிந்தும் சொல்ல முடியாமல் திணறலாம். அச்சு ஏன் திரும்புகிறது என்பது வேறு கேள்வி. ‘தீர்த்தாயிற்றா?’ என்று கேட்பதற்கு முன் எந்தக் கேள்வியை என்று கேட்க வேண்டும். மூன்று பொருள் கணக்கின் வரலாறு முழுக்க இதே குழப்பம்தான்.

அதே கிளெரோ அடுத்துக் கையில் எடுத்தது ஹாலி வால்நட்சத்திரம். 1758 வாக்கில் வரும் என்று ஹாலி சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் வழியில் வியாழனும் சனியும் இருக்கின்றனவே! அவற்றின் இழுப்பைச் சேர்த்தால் எப்போது வரும்? கிளெரோவுடன் லலாந்த், நிக்கோல்-ரெய்ன் லெப்போத் இருவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து இரவுவரை, சாப்பாட்டு மேசையில்கூட எண்கள். வால்நட்சத்திரத்தின் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கோள்களும் எங்கே, எவ்வளவு தள்ளுகின்றன என்று கையால் கூட்டினார்கள். என் அக்கா மகனின் கணினி செய்வதும் இதே வேலைதான். 1758 நவம்பரில் விடை: முந்தைய சுற்றைவிட 618 நாள் தாமதம், 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிக அருகில், ஒரு மாதம் முன்பின் இருக்கலாம். அந்தக் கிறிஸ்துமஸ் நாளன்று டிரெஸ்டன் பக்கத்தில் பாலிட்ஷ் என்ற விவசாயி அதை முதலில் பார்த்தார். அது அருகில் வந்த நாள் 1759 மார்ச் 13. சொன்ன வரம்புக்கு இரண்டு மூன்று நாள் வெளியேதான். லெப்போத்தின் உழைப்பைப் பிற்பாடு வெளியிட்ட நூலில் கிளெரோ சொல்லாமல் விட்டார். லலாந்த்தான் ஊர் உலகுக்குச் சொன்னார்.

இந்த வழியில் போனால் எந்தத் தேதிக்கும் விடை வரும், உழைக்கத் தயார் என்றால். ஆனால் கணித மேதைகளுக்கு அது போதவில்லை. ஒரே வரியில் என்றைக்குமான விடை வேண்டும். அப்படிச் சில அபூர்வ விடைகளும் கிடைத்தன. 1767-இல் ஆய்லர் மூன்று பொருள்களும் ஒரே கோட்டில் நின்றபடி சுற்றுவதைக் கண்டார். 1772-இல் லாக்ராஞ்ச் சமபக்க முக்கோணத்தைக் கண்டார்: மூன்று முனையிலும் மூன்று பொருள், நிறை எதுவாகவும் இருக்கலாம், முக்கோணம் அப்படியே சுழலும். வானத்தில் இப்படி எதுவும் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1906-இல் ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப், சூரியனோடும் வியாழனோடும் முக்கோணம் போட்டுப் போகும் அகிலஸ் என்ற குறுங்கோளைப் படம்பிடித்தார். இன்று அந்த வகைக் குறுங்கோள்கள் ஆயிரக்கணக்கில் தெரியும்.

ஒரே கோட்டு விடைதான் நமக்குப் பழக்கமான எல்-1. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய ஆதித்யா விண்கலம், 2024 ஜனவரி 6-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர். பெயர் லாக்ராஞ்ச் புள்ளி, கண்டுபிடித்தவர் ஆய்லர். பெயர் வைக்கும் விஷயத்தில் வரலாற்றுக்கு எப்போதுமே கொஞ்சம் ஓரவஞ்சனை. அந்த இடம் நிலையற்றது. சற்று விலகினாலும் விலகல் வளரும் என்பதால், ஆதித்யா அதைச் சுற்றி ஆறு மாதத்துக்கு ஒரு வட்டமாகப் போய்க்கொண்டு, அவ்வப்போது உந்துபொறியை லேசாக இயக்கித் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் தனி அமைப்புகள். பொதுவான மூன்று பொருளுக்கு 18 எண்கள் வேண்டும், மாறாதவை என்று கையில் இருப்பவை அதே பழைய 10. இன்னும் ஒன்றாவது கிடைக்காதா என்று தேடினார்கள். 1887-இல் புரூன்ஸ் என்ற ஜெர்மானியர் அந்தக் கதவைச் சாத்தினார்: இடத்தையும் வேகத்தையும் வைத்து இயற்கணிதமாக எழுதக்கூடிய புதிய மாறாத அளவு எதுவும் கிடையாது. ‘தீர்க்க முடியாது என்று நிரூபித்துவிட்டார்கள்’ என்ற வதந்தியின் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது. அவர் நிரூபித்தது ஒரு வகைக் கருவி இல்லை என்பதை; விடையே இல்லை என்பதை அல்ல.

இன்னொரு வேர் பிரெஞ்சுக் கணித மேதை புவான்கரே. இந்தக் கதையைச் சுருக்க எனக்கு விருப்பமில்லை.

ஸ்வீடன், நார்வே இரண்டுக்கும் மன்னரான இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாம் பிறந்தநாள் 1889 ஜனவரி 21. அதையொட்டி ஒரு கணிதப் போட்டி. ஏற்பாடு மிட்டாக்-லெஃப்லர், நடுவர்களாக அவரோடு வையர்ஸ்ட்ராஸும் ஹெர்மைட்டும். முதல் கேள்வி: ஈர்ப்பால் இயங்கும் எத்தனை பொருள்களுக்கும், எல்லாக் காலத்துக்கும் ஒருங்கும் தொடராக (கூட்டக் கூட்ட ஒரே மதிப்பை நெருங்கும் தொடராக) விடை தருக. பரிசு 2,500 குரோனர். புவான்கரே எடுத்துக்கொண்டது அதில் ஒரு சிறு துண்டு: மூன்று பொருள், மூன்றாவதற்கு நிறையே இல்லாத அளவுக்கு அற்பம். கேட்ட விடையை அவர் தரவில்லை, ஆனாலும் கட்டுரையின் ஆழம் கருதிப் பரிசு அவருக்கே போயிற்று.

அச்சுக்குப் போகும்முன் மெய்ப்புப் பார்த்தவர் ஃப்ராக்மென் என்ற இளைஞர். இந்த இடம் புரியவில்லை, அந்த இடம் புரியவில்லை என்று குறித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். பதில் எழுத உட்கார்ந்த புவான்கரே வேறோர் இடத்தில் தன் வாதம் இடிந்து கிடப்பதைக் கண்டார். அதற்குள் ஆக்டா மாத்தமாட்டிகா இதழ் அச்சாகி, சில பிரதிகள் வெளியேயும் போய்விட்டன. மிட்டாக்-லெஃப்லர் ஏதேதோ சாக்குச் சொல்லி ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். மறு அச்சுச் செலவு புவான்கரே தலையில்: 3,500 குரோனருக்கு மேல். பரிசுத் தொகையைவிட ஆயிரம் அதிகம்!

1890-இல் வந்த திருத்திய கட்டுரையில்தான் புதையல். ஒரு சுற்றுப்பாதையை விட்டு விலகிப் போகும் பாதைகள் ஒரு வளைகோடு, அதை நெருங்கி வரும் பாதைகள் இன்னொரு வளைகோடு. இரண்டும் அழகாக ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று முதலில் எழுதியிருந்தார். உண்மையில் அவை சேர்வதில்லை, வெட்டிக்கொள்கின்றன. ஒரு முறை வெட்டினால் எண்ணிலடங்கா முறை வெட்டியாக வேண்டும். மடிந்து, நீண்டு, மறுபடி மடிந்து, நிஜமான இடியாப்பச் சிக்கல். அதை வரைந்து காட்டக்கூட முயலமாட்டேன் என்று 1899-இல் தன் நூலின் மூன்றாம் தொகுதியில் எழுதினார். இன்று நாம் கேயாஸ் என்பதன் முதல் பார்வை அது. தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசம், பின்னால் வானுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம்.

இப்போது அந்த 1912. கார்ல் சுண்ட்மன், ஃபின்லாந்துக்காரர், வானியலாளர். மன்னர் கேட்ட அதே தொடரை மூன்று பொருளுக்குக் கொடுத்துவிட்டார். தொடரைக் கெடுப்பது மோதல்கள். தொலைவு பூஜ்யமானால் விசை எல்லை மீறும். இரண்டு பொருள் மோதினால், நேரத்துக்குப் பதிலாக வேறொரு அளவுகோலை வைத்து, மோதலைத் தாண்டியும் கணக்கைத் தொடரலாம் என்று காட்டினார். மூன்றும் ஒரே புள்ளியில் மோதினால் அந்த வித்தை பலிக்காது. ஆனால் மொத்தக் கோண உந்தம் பூஜ்யமாக இல்லாதவரை மூன்றும் ஒருங்கே மோதவே முடியாது என்று நிறுவினார். மிச்சமிருப்பது நேரத்தின் கனமூலத்தில் எழுதிய ஒரு தொடர். என்றைக்கும் ஒருங்கும். ஏறக்குறைய எல்லாத் தொடக்கங்களுக்கும் செல்லும். கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது.

ஏன் யாரும் தொடுவதில்லை? 1930-இல் பெலோரிஸ்கி என்பவர் கணக்கிட்டார்: வானியலாளர்களுக்கு வேண்டிய துல்லியத்தில் விடை பெற அந்தத் தொடரில் எத்தனை உறுப்புகளைக் கூட்ட வேண்டும்? 1 போட்டு அதன்பின் 80 லட்சம் பூஜ்யம் போட்டால் வரும் எண். இந்தப் பேரண்டத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத எண்பதுக்குக் கொஞ்சம் அதிகமான பூஜ்யம் போதும். இன்ன தேதிக்கு எங்கே இருக்கும் என்று கேட்டால் இந்தத் தொடர் வாய் திறக்காது. எதிர்காலம் எப்படி, ஒன்று ஓடிப்போகுமா, சேர்ந்தே இருக்குமா என்று கேட்டாலும் அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. 1991-இல் வாங் சியுடோங் இதை எத்தனை பொருளுக்கும் நீட்டிவிட்டார். அந்தச் செய்தியையும் யாரும் பட்டாசு வெடித்துக் கொண்டாடவில்லை. கெப்ளரின் நாலு சுற்று ஊகம் எந்தச் சூத்திரமும் இல்லாமல் விடை தருகிறது, சுண்ட்மனின் சூத்திரம் எந்த விடையும் இல்லாமல் நிற்கிறது. எதைத் ‘தீர்ந்தது’ என்பீர்கள்? என் ஓட்டு கெப்ளருக்குத்தான்.

சூரியக் குடும்பத்தைப் பற்றி நியாயமாகக் கேட்கக்கூடியது என்ன என்பதை ஜாக் லாஸ்கர் 1989-இல் காட்டினார். உட்கோள்களின் இடத்தில் இன்று ஏதேனும் பிழை இருந்தால் அது ஒரு கோடி ஆண்டில் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. பூமி இருக்கும் இடத்தில் 15 மீட்டர் பிழை. ஒரு கோடி ஆண்டில் அது 150 மீட்டர், போனால் போகட்டும். பத்துக் கோடி ஆண்டில் 15 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவே அவ்வளவுதான்! ஆகவே அந்தத் தேதிக்குப் பூமி எங்கே என்று கேட்பதே வீண். 2009-இல் அவரும் காஸ்டினோவும் கேள்வியை மாற்றினார்கள். புதனின் சராசரித் தொலைவை 0.38 மில்லிமீட்டர் மட்டும் மாற்றி மாற்றி, 2,501 சூரியக் குடும்பங்களை 500 கோடி ஆண்டுவரை ஓட்டினார்கள். நூற்றில் ஒன்றில் புதனின் பாதை தாறுமாறாக நீண்டது. அதில் ஒன்றில் 334 கோடி ஆண்டு வாக்கில் உட்கோள்கள் எல்லாம் குலைந்து, பூமிமீது வேறு கோள் மோதும் வாய்ப்பே வந்தது. மற்ற தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் எல்லாம் அதனதன் வழியில் சுற்றிக்கொண்டிருந்தன.

கணினியும் ஆர்வமும் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். 3, 4, 5 பக்கமுள்ள செங்கோண முக்கோணம். ஒவ்வொரு முனையிலும் எதிர்ப்பக்கத்தின் அளவே நிறை, அதாவது 3, 4, 5. மூன்றையும் அசையாமல் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். ஈர்ப்பு மாறிலி 1. 1913-இல் புர்ராவ் கையால் போட ஆரம்பித்துப் பாதியில் நின்ற கணக்கு இது. 1967-இல் செபெஹெலியும் பீட்டர்ஸும் கணினியில் முடித்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நெருங்கும், சுழன்று விலகும், மறுபடி வரும். காலம் 60-ஐ ஒட்டி 4-ம் 5-ம் ஜோடி சேர்ந்து ஒரு பக்கம் போக, 3 தனியாக எதிர்ப்பக்கம் பறக்க வேண்டும். வேறு எதுவாவது பறந்தால், நெருங்கும் நேரங்களில் காலப் படி பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். பாதியாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்கள் ஒரே விடை தரும்வரை பாதியாக்கிக்கொண்டே போங்கள். எந்தப் படியில் ஒத்துவந்தது என்று பின்னூட்டத்தில் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.